நாசகாரிக்குள்ள ஒரு பிள்ளையார்

எங்கட பக்கத்தில நாசகாரி எண்டா பொம்பிளையளைத் திட்டுற சொல்லு. நான் கலியாணம் முடிச்ச புதுசில சோறு குழைஞ்சாலும் என்ர மாமி அதைத்தான் சொல்லுவா, பால் பொங்கி வழிஞ்சாலும் அதைத்தான் சொல்லுவா. அதே சொல்லைத்தான் ரேடியோச் செய்தியில ஒரு சாதிப் போர்க்கப்பலுக்கும் வாசிப்பாங்கள். நாசகாரிக் கப்பல். எந்த மனிசனுக்கு இந்தப் பேர் வைக்க மனம் வந்ததோ தெரியாது.

போன மாரியில ஒருநாள் என்ர மோன் நிசாந் சாப்பாட்டு மேசையில இருந்து, "அம்மா, எனக்கு ஒரு பிரிட்டிஷ் செர்ஸ்ரோரர் விழுந்திருக்கு" எண்டான். அவன் இஞ்ச ஜெர்மனியில, டுயிஸ்பேர்க்கில கப்பல் கட்டுற படிப்புப் படிக்கிறவன். வகுப்பில சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு கப்பல் குடுத்தவையாம். அதை மாதிரியாச் செய்து, தண்ணித் தொட்டியில மிதக்க விட்டு, அது ஏன் கவிழாமல் நிக்குது எண்டு புறொபெசருக்கு விளங்கப்படுத்த வேணுமாம். பக்கத்தில இருந்த பெட்டைக்குப் பயணிகள் படகு, இன்னொருத்தனுக்கு வாழைப்பழக் கப்பல். எங்கட வீட்டுக்கு எது வருமோ அதுதானே வரும்! "செர்ஸ்ரோரர் எண்டா என்ன?" எண்டு கேட்டன். இவர், என்ர மனிசன் மகேந்திரராஜா, பேப்பரில இருந்து கண்ணை எடுக்காமல், "அதுதானப்பா, நாசகாரி" எண்டார்.

நான் கையில இருந்த கறிச்சட்டியை மேசையில வைச்சிட்டுக் குசினிக்குள்ள போயிட்டன்.

ஏனெண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு விடுறன். நான் குமரியா இருக்கேக்க, இடம்பெயர்ந்து படகுகளில கடல் கடந்தனாங்கள். நானும் அம்மாவும் ஒரு படகு. தம்பி முகுந்தன் பின்னால வந்த படகு. சாம்பல் நிறத்தில ஒரு கப்பல் வந்து சுட்டது. ஆற்ற கப்பல் எண்டு இப்ப சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்டுமில்லை. எங்கட படகு கரைக்கு வந்தது, பின்னால வந்தது வரேல்லை. முகுந்தன்ர உடம்பும் கிடைக்கேல்லை. அதால அவன்ர படத்துக்கு மாலை போட நான் ஒருத்தரையும் விடேல்லை, ஒரு விளக்குக் கூடக் கொளுத்த விடேல்லை. கொளுத்தினா அவன் செத்திட்டான் எண்டு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி வரும். அண்டைக்கு என்ர சீலைத் தலைப்பில முடிஞ்சு கிடந்து என்னோட கடல் கடந்தவர் ஒரு வெங்கலப் பிள்ளையார், பெருவிரல் அளவு. இப்ப கெல்சென்கிர்ச்சன் வீட்டில சாமித்தட்டில நடுவில இருக்கிறவர் அவர்தான். நிசாந்துக்குப் பிள்ளையார் கடல் கடந்த கதை தெரியும். மாமன்ர கதையை நான் சொல்லேல்லை.

இப்ப யோசியுங்கோ. அதே சாம்பல் நிறத்தில ஒரு கப்பலை என்ர பிள்ளை என்ர வீட்டு இருக்கிற அறைக்குள்ள, ஒரு கை நீளத்துக்கு மேல, தகடு தகடா ஒட்டிக் கட்டுறான். அவன்ர அறை காணாதாம். முன்னுக்கு ஒரு சோடிப் பீரங்கி, பின்னுக்கு ஒரு சோடி. நான் குசினி வாசலில நிண்டு திரும்பினா முன்பீரங்கி நேரா என்னைப் பாக்கும். நான் போய் அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பன். அவன் வந்து பழையபடி குசினிப் பக்கம் திருப்புவான். துவாயால மூடி வைச்சா, பெயின்ற் காயேல்லை எண்டு கத்துவான். எனக்கு இருந்தா இருக்கேலாது, நிண்டா நிக்கேலாது, அப்பிடி ஒரு அந்தரம்.

யோசப்பின் அக்கா, மேல்மாடியில இருக்கிறவ, ஒருநாள் போன் எடுத்து, "என்ன புஸ்பம், குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" எண்டு கேட்டா. நானும் இருந்த எரிச்சலில, "உந்த நாசகாரி வீட்டுக்குள்ள வந்த நாள் துடங்கி எனக்கு நிம்மதி இல்லை அக்கா" எண்டிட்டன். அவ குரலை இறக்கி, "எந்த ஊர்ப் பிள்ளையடி? நிசாந் எப்ப கூட்டிக்கொண்டு வந்தவன்?" எண்டு கேட்டாவே பாருங்கோ! நான் கப்பல் எண்டு எவ்வளவு சொல்லியும் அவ நம்பேல்லை. அடுத்த வெள்ளி கோயிலில சனம் என்னைப் பாக்கிற பார்வையிலேயே தெரிஞ்சது, எனக்கு மருமகள் வந்திட்டா எண்டு.

கப்பலைத் தூக்கி வெளியில எறியாமல் விட்டதுக்குக் காரணம் ஒண்டே ஒண்டு. நிசாந் இந்தப் பாடத்தில ஏற்கெனவே ரெண்டு தரம் தவறிப்போனான். இஞ்சத்தைச் சட்டம் என்னெண்டா, மூண்டாந்தரமும் தவறினா அந்தப் படிப்பே போச்சு. இந்த ஊனியில, அதுதான் யூனிவெர்சிற்றியில, இல்லை எண்டு வேற ஊனிக்கும் போகேலாது. அவன் மொக்கன் இல்லை. கணக்கெல்லாம் தெரியும். ஆனா ஆக்களுக்கு முன்னால நிண்டு எதிர்பாராத கேள்வி ஒண்டு வந்தா வாய் கட்டின மாதிரி நிண்டிடுவான். ரெண்டு தரமும் அதுதான் நடந்தது. சின்னனில இருந்தே கப்பல் எண்டு திரிஞ்ச பிள்ளை, இதுவும் போனா என்ன செய்வான்? அவன் மாரி முழுக்க நகத்தைக் கடிச்சுக்கொண்டு திரிஞ்சான்.

அதால சோதினைக்கு முதல்நாள் பின்னேரம், அவன் தலைமயிர் வெட்டப் போன நேரம் பாத்து, நான் ஒரு வேலை செய்தன். எனக்கு அந்தக் கப்பலில நம்பிக்கை இல்லை, அவன்ர வாயிலயும் நம்பிக்கை இல்லை. என்னை விட்டா, கடலைக் கண்ட ஆள் எங்கட வீட்டில ஒருத்தர்தான் இருக்கிறார். சாமித்தட்டில இருந்து பிள்ளையாரை எடுத்து, திருநீறு பூசி, பஞ்சில சுத்தி, கப்பலின்ர புகைக்கூட்டு மூடியைக் கழட்டி உள்ளுக்கு இறக்கினன். ஆடாமல் இருக்க ஒரு பக்கமா அடைஞ்சு வைச்சன். மூடியைப் பூட்டிப்போட்டு, "அப்பு, நீதான் பாத்துக்கொள்ள வேணும்" எண்டு கும்பிட்டன். அண்டைக்குத்தான் கனநாளைக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கினது.

அடுத்தநாள் காலமை புட்டும் கத்தரிக்காய்க் கறியும். இவர் வேலைக்குப் போயிட்டார். நிசாந் புட்டைக் கிண்டிக்கொண்டே இருக்கிறான், வாய்க்குள்ள போகேல்லை. கதை குடுத்தாப் பிள்ளைக்குப் பயம் தெளியும் எண்டு, "உந்த நாசகாரி ஆரையும் காப்பாத்தினதோ, இல்லாட்டிச் சனத்தைச் சாக்கொல்ல மட்டுந்தானோ?" எண்டு கேட்டன்.

அவன் நிமிர்ந்து பாத்தான். அரைத் தமிழும் அரை ஜெர்மனுமாச் சொல்லத் துடங்கினான். இது காவல் கப்பலாம். ரெண்டாம் உலக யுத்தத்தில இங்கிலாந்துக்குச் சாப்பாடும் நிலக்கரியும் கொண்டு வாற கப்பலுகளைச் சுத்திச் சுத்தி ஓடுறதுதான் வேலையாம். ஓட்டத்துக்காக மெல்லிய தகட்டில, ஒடுக்கமாக் கட்டினதாம். இந்தச் சாதியில முதல் கப்பல் கட்டி முடியிற நேரத்திலதான் பாரக் கணக்குப் பிழைச்சுப்போனது எண்டு கண்டுபிடிச்சவங்களாம். மேல் பாரம் கூடிப்போச்சு. சரிஞ்சா நிமிராது. பேந்தென்ன, ஒரு சோடிப் பீரங்கியைக் கழட்டி, அடியில பாரம் போட்டுத்தான் கடலுக்கு விட்டவங்களாம்.

"எல்லா நாசகாரிக்கும் இதுதான் பிரச்சினை அம்மா. சண்டை நடக்க நடக்க, விமானத்தைச் சுடுற பீரங்கி, ரேடார் எண்டு மேல மேல ஏத்துவாங்கள். ஒண்டை ஏத்தினா ஒண்டை இறக்க வேணும்."

"காப்பாத்தினதோ எண்டு கேட்டனான்."

"ஓம் அம்மா. பிரான்ஸ் கரையில தோத்துப்போய் நிண்ட ஆமிக்காரரை ஏத்த நாசகாரியளும் போனது. மேல்தட்டு முழுக்க ஆள். கப்பல் சரியும், கெதியாத் திரும்பேலாது. அப்ப சில கப்பலுகள் தங்கட ஆயுதங்களை இறக்கிப்போட்டு ஆக்களை ஏத்தினது."

சொல்லிக்கொண்டே மேசையில இருந்த பால் பெட்டியை நிமித்தி, அதுக்கு மேல சீனிப் போத்திலை வைச்சு, ஒரு விரலால தட்டினான். எல்லாம் சரிஞ்சு சீனி நிலமெல்லாம் கொட்டுண்டுது. "இவ்வளவுதான் பாடம்" எண்டு சிரிச்சான். நானும் சிரிச்சன், விசரி! கீழ் அறையில கிடந்த அவன்ர பழைய பிள்ளை வண்டிலுக்குள்ள கப்பலை வைச்சு, போர்வையால மூடித் தள்ளிக்கொண்டு போனான்.

நான் குனிஞ்சு சீனியைக் கூட்டிக்கொண்டு இருக்கேக்கதான் எனக்கு விளங்கினது.

ஐயோ கடவுளே. புகைக்கூடு எங்க இருக்கு? உச்சியில. நான் என்னத்தை வைச்சனான்? வெங்கலம்! அதுவும் ஒரு பக்கமா அடைஞ்செல்லோ வைச்சனான்! விளக்குமாத்தைப் போட்டிட்டுப் போன் எடுத்தன். நிசாந்தின்ர போன் அடைச்சுக் கிடந்தது. சோதினைக்கு எண்டு அடைச்சுப்போட்டான். திரும்பவும் எடுத்தன், திரும்பவும் அதே பொம்பிளைக் குரல். கைப்பையைத் தூக்கிக்கொண்டு படியால ஓடினன். ட்ராம் ஏறி இருந்த பிறகுதான் பாக்கிறன், காலில வீட்டுப் பஞ்சுச் செருப்பு.

ஸ்ரேசனில ரயில் பிந்தி வருமாம். எப்ப பிந்தாமல் வந்தது? பிளாட்பாரத்தில அந்தத் தலைப்புக்கும் இந்தத் தலைப்புக்கும் நடந்தன். ஒரு ஜெர்மன் கிழவன் எனக்குச் சுகமில்லையோ எண்டு கேட்டார். அந்த நேரம் பாத்து யோசப்பின் அக்கா போன் எடுக்கிறா. "புஸ்பம், மருமகள் எப்பிடி இருக்கிறா?" "அக்கா, நாசகாரி கவிழப்போகுது, வையுங்கோ போனை!" எண்டு கத்தினன். அவவுக்கு என்ன விளங்கினதோ, உடன வைச்சிட்டா.

ரயிலுக்குள்ள இருக்கேலாமல் கதவடியிலேயே நிண்டு வந்தன். பிள்ளையாரோட சண்டை பிடிச்சுக்கொண்டு வந்தன் எண்டும் சொல்லலாம். 'உம்மை நம்பித்தானே வைச்சனான், நீர் கொஞ்சம் பாரம் குறைஞ்சு இருக்கப்படாதோ?' எண்டு. பேந்து பயத்தில, 'கோவிக்காதையும், என்ர பிழைதான்' எண்டு. டுயிஸ்பேர்க்கில இறங்கி, கண்ட ஆளிட்டையெல்லாம் "கப்பல், என்ர மகன்" எண்டு கேட்டுக் கேட்டுப் போய்ச் சேந்தன்.

பெரிய மண்டபம். சுவரில பாதி கண்ணாடி. உள்ளுக்கு ஒரு நீட்டுத் தண்ணித் தொட்டி. கதவுக்குள்ளால ஒரு தண்ணிக் குழாய் போறதால கதவு பூட்டுப்படாமல் கொஞ்சம் திறந்து கிடந்தது. அதில 'சோதினை நடக்குது, சத்தம் போடவேண்டாம்' எண்டு எழுதி ஒட்டியிருந்தது. நான் வந்தது பிந்திப்போச்சு. நாசகாரி தண்ணிக்குள்ள இறங்கி, ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது.

தொட்டிக்கு அங்கால நெட்டையான ஒரு புறொபெசர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிண்டா. "உங்கட கணக்குப்படி இது நேராத்தானே நிக்க வேணும்? ஏன் சரியுது?" எண்டு கேட்டா. நிசாந் வாய் திறக்கேல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். ரெண்டு தரமும் தவறிப்போட்டு வீட்டை வந்து நிண்ட முகம் அது.

நான் கதவில தட்டக் கையைத் தூக்கிட்டன். தட்டி என்ன சொல்லுறது? 'நான்தான் சாமி வைச்சனான்' எண்டு சொன்னா, சோதினைச் சாமானில வெளியாள் கை வைச்சது எண்டு எல்லாத்தையும் தள்ளிவிட்டா? சொல்லாமல் நிண்டா, அவன் இப்பிடியே வாயடைச்சு நிண்டு மூண்டாந்தரமும் போயிடும். தூக்கின கை தூக்கினபடி நிக்குது. என்ர பிள்ளையை நானே தாட்டுப்போட்டன், நானே தாட்டுப்போட்டன் எண்டு மண்டைக்குள்ள அடிக்குது. மாமி சொன்னது சரிதான், நாசகாரிதான் நான். எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியேல்லை. தூக்கின கையால காதைப் பிடிச்சன். மற்றக் கையால மற்றக் காதைப் பிடிச்சன். பிள்ளையாரிட்டை மன்னிப்புக் கேட்டு, அந்தக் கண்ணாடிக்கு வெளியில நிண்டு தோப்புக்கரணம் போடத் துடங்கினன்.

எழும்பி, குந்தி, எழும்பேக்க, நிசாந் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

முதல் என்ர முகத்தைப் பாத்தான். பேந்து காதைப் பிடிச்ச கையைப் பாத்தான். காலில கிடந்த பஞ்சுச் செருப்பைப் பாத்தான். பேந்து மெதுவாத் திரும்பிக் கப்பலைப் பாத்தான். தோப்புக்கரணம் ஆருக்குப் போடுறது எண்டு எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கவோ வேணும்? அவன்ர வாய் ஓரத்தில ஒரு சிரிப்பு வந்து போனது. நான் காதை விட்டிட்டுச் சுவரோட ஒட்டி நிண்டன்.

அவன் வேலையைத் துடங்கினான். சின்ன இரும்புக் கட்டியளை எடுத்துக் கப்பல் மேல்தட்டின்ர நடுவில இருந்து ஓரத்துக்கு நகத்தினான். மேசன்மார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக் குண்டு மாதிரி ஒண்டு கப்பலுக்குள்ள நூலில தொங்குது. அது எவ்வளவு விலகுது எண்டு பாத்து எழுதினான். திரும்ப நகத்தினான், திரும்ப எழுதினான். பேந்து நிமிர்ந்து, சத்தமாச் சொன்னான்.

"என்ர கணக்குச் சரி. கப்பலும் சரி. ஆனா புகைக்கூட்டு உயரத்தில, இடப்பக்கமா, கணக்கில இல்லாத ஒரு பாரம் இருக்கு."

"என்ன பாரம்?"

"ஒரு ஆள் ஏறியிருக்கிறார்."

புறொபெசர் அம்மா புருவத்தைத் தூக்கினா. "ஆளோ?"

"கடலில இருந்து காப்பாத்தின ஆள்."

"சரி. அப்ப ஆளை இறக்கும், கப்பல் நிமிரட்டும்."

"இறக்கேலாது" எண்டான் என்ர பிள்ளை. "காப்பாத்தி ஏத்தின ஆளைத் திருப்பிக் கடலுக்குள்ள போடேலாது. யுத்தத்தில செய்த மாதிரித்தான் நானும் செய்ய வேணும். வேற ஒண்டை இறக்கிறன்."

எண்டு சொல்லி, மாரி முழுக்க இருந்து கடைஞ்சு செய்த அந்தப் பின்பீரங்கியைத் திருகிக் கழட்டி மேசையில வைச்சான். பையில இருந்து ஈயத் துண்டுகள் எடுத்து, கப்பலின்ர அடியில, வலப்பக்கமாப் பாத்து வைச்சான். கையை எடுத்தான். கப்பல் அங்கால ஒருக்கா, இஞ்சால ஒருக்கா ஆடிச்சு. ஆடி, நேரா நிண்டுது. புறொபெசர் அம்மா கப்பலின்ர மேல்தட்டை விரலால அழுத்தி விட்டுப் பாத்தா. அழுத்த அழுத்த அது நிமிர்ந்து வந்தது. நான் அழுத அழுகையில கண்ணாடி எல்லாம் மங்கிப்போச்சு.

பாஸ்! வெளியில வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, "நாசகாரி" எண்டான். அவனுக்கு அந்தச் சொல்லு கப்பலின்ர பேராத்தான் தெரியும். எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

"ஏன் ராசா எடுக்கேல்லை? மூடியைத் திறந்து அவரை எடுத்து வெளியில வைச்சிருந்தா முடிஞ்சதெல்லோ?"

"நீங்கள் அதில நிண்டியள் அம்மா. உங்களுக்கு முன்னால அவரை எப்பிடி வெளியில எடுக்கிறது?"

கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப்போறம் எண்டு ஊனியில வாங்கி வைச்சிட்டினம். பிள்ளையார் அதுக்குள்ளதான். "இறக்கேலாது எண்டு நானே சொல்லிப்போட்டன், இனி எப்பிடிப் போய்க் கேக்கிறது?" எண்டு நிசாந் தலையைச் சொறிஞ்சான். கழட்டின பீரங்கியை என்ர கைப்பைக்குள்ள போட்டன். வெறும் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு ரெண்டு பேரும் ரயில் ஏறினம்.

ரயிலில எனக்கு இருக்கை கிடைச்சது, இருந்தன். அவன் முன்னால இருந்து பாணைக் கடிச்சுக்கொண்டு சந்தோசமாக் கால் ஆட்டிக்கொண்டு வந்தான். நான் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் முகுந்தன்ர கதையைச் சொல்லத் துடங்கினன். சாம்பல் கப்பல், பின்னால வந்த படகு, எல்லாம். ரயில் சத்தத்தில குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவன் காலாட்டுறதை விட்டிட்டான். கடிச்ச பாண் கையில அப்பிடியே இருந்தது.

"மாமாவை அந்தக் கப்பல் ஏத்தேல்லையோ அம்மா?"

"ஏத்தேல்லை."

"தண்ணிக்குள்ள கிடந்த ஆக்கள் ஒருத்தரையும்?"

"ஒருத்தரையும் ஏத்தேல்லை ராசா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கப்பல் படிச்சவனுக்கு அதை விளங்கிக்கொள்ளக் கஷ்டமா இருந்திருக்கும். கையை நீட்டி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வீடு மட்டும் வந்தான்.

வீட்டை வந்து முகம் கழுவிப்போட்டுச் சாமித்தட்டுக்கு முன்னால நிண்டன். நடுவில வெறும் இடம், திருநீறு மட்டும் வட்டமாக் கிடந்தது. கைப்பையைத் திறந்து அந்தப் பீரங்கியை எடுத்து அந்த இடத்தில வைச்சன். வேலையால வந்த இவர் எட்டிப் பாத்திட்டு, "இதென்னப்பா, உமக்கென்ன விசரோ? சாமித்தட்டில ஆரும் பீரங்கி வைப்பினமோ?" எண்டு கேட்டார்.

"இது ஒரு ஆளை வைச்சிருக்கிறதுக்காகக் கழட்டின பீரங்கி" எண்டன். முகுந்தன்ர படத்தை அலுமாரிக்குள்ள இருந்து எடுத்து அதுக்குப் பக்கத்தில சாத்தி, இத்தனை வருசமும் கொளுத்தாத விளக்கைக் கொளுத்தினன்.